பார்சலக்கா சேலத்துக்குச் சாப்பிடப் போனது

சூடாக இருக்கும்போது எந்தப் பண்டத்தையும் தின்னாத ஒரே மனுஷி இந்தப் பூமியில் எங்கள் அம்மாதான். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. போட்டிக்கு யாராவது வந்தால் வரட்டும், ஒரு கை பார்த்துவிடலாம். தோசை கல்லை விட்டுத் தட்டுக்கு வருவதற்குள், இதை எதில் சுற்றி எப்படிக் கொண்டுபோவது என்று அவள் கண் தேட ஆரம்பித்துவிடும். திருச்செங்கோட்டில் நாங்கள் குடியிருந்த தெருவில் அவளுடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவள் பார்சலக்கா.

ஒருமுறை ஈரோட்டுக்குக் கல்யாண ஜவுளி எடுக்கப் போனோம். வெயிலுக்கு இதமாக இருக்கட்டும் என்று சித்தப்பா எல்லோருக்கும் கப் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். நாங்களெல்லாம் கப்பின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது அம்மா மட்டும் தன்னுடையதைத் திறக்கவே இல்லை. மூடியை இறுக்கி அழுத்தி, கைக்குட்டையில் சுற்றி, ஜவுளிப் பைக்குள் செருகிவிட்டாள். பஸ் காவிரிப் பாலம் தாண்டிப் பள்ளிபாளையம் வருவதற்குள் கல்யாணப் பெண்ணின் சித்திக்கு எடுத்த சேலை நனைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து மிச்சத்தை டம்ளரில் ஊற்றி, லீவுக்கு வந்திருந்த அண்ணனிடம் நீட்டினாள். இன்றைக்கு என்ன விசேஷம், பாயசமெல்லாம் வைத்திருக்கிறாயே என்று அவன் கேட்டான். ஐஸ்கிரீம்தான் சாமி, கொஞ்சம் இளகிவிட்டது என்றாள்.

கல்யாணப் பந்தியில் அவளுக்குப் பக்கத்து இலையில் உட்காருவது பெரிய தண்டனை. ஜாங்கிரி இலையில் விழுந்த சத்தம் கேட்கும், பார்த்தால் இலையில் இருக்காது. அடுத்து வடை மறையும். ஒருமுறை அப்பளத்தையும் முயற்சி செய்து பார்த்தாள், அது மட்டும் அவளுக்கு வசப்படவில்லை. கண் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுகூட, ஒரு கண்ணில் கட்டோடு, காலையில் கொடுத்த ரொட்டியைத் தலையணைக்குக் கீழே சேர்த்து வைத்திருந்தாள். நர்ஸம்மா தலையணையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இந்தம்மாவுக்குக் கண்ணில்தான் கோளாறா என்று என்னைக் கேட்டார்.

இதையெல்லாம் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு வராது. ஏனென்றால் அத்தனை பொட்டலமும் யாருக்குப் போனதென்று எனக்குத் தெரியும்.

எனக்கு மூத்தவன் பாலு. அப்பா ரிக் வண்டியோடு வடக்கே போய், மாசக் கணக்கில் ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டு கிடந்தவர். மகன் பெரிய படிப்புப் படிக்க வேண்டும் என்று அவனை நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் சேர்த்துவிட்டார். நான் திருச்செங்கோட்டிலேயே அரசுப் பெண்கள் பள்ளியில் படித்தேன். பொட்டப்பிள்ளைக்கு அத்தனை செலவு எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியம் இருப்பதாகக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

அந்த மாதிரிப் பள்ளிகளில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல்தான் பிள்ளையைப் பார்க்க விடுவார்கள். அதுவும் உள்ளே கிடையாது. கேட்டை ஒட்டி வரிசையாக மரங்கள் நிற்கும். ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு குடும்பம் துண்டை விரித்து, தூக்குப்போசியைத் திறந்துவைத்து, பிள்ளைக்குச் சோறு ஊட்டாத குறையாக உட்கார்ந்திருக்கும். மீசை முளைத்த பையன்கள் தலையைக் குனிந்துகொண்டு கோழிக்கறியை அள்ளித் தின்பார்கள். மணி அடித்ததும் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே ஓடிவிடுவார்கள். பாலுவும் அப்படித்தான். அவன் தின்னும்போது பேசியதாக எனக்கு ஞாபகம் இல்லை. எழுந்திருக்கும்போது மட்டும், அடுத்த வாரம் ஈரல் கொண்டு வா என்பான்.

வாரம் முழுக்க எங்கள் வீட்டுக்குள் நுழைந்த நல்லது எல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமையை நோக்கித்தான் நடந்தது. கோழி அடித்தால் தொடை ஞாயிற்றுக்கிழமைக்கு. பக்கத்து வீட்டில் கொடுத்த அதிரசம் ஞாயிற்றுக்கிழமைக்கு. இரண்டு பஸ் மாறிப் போகிற வழியெல்லாம் பையைத் தூக்கினவள் நான். ஒரு பொட்டலமாவது என் பெயருக்குக் கட்டப்பட்டதா என்றால் இல்லை. நூல் சுற்றும்போது முடிச்சில் விரல் வைத்துப் பிடித்துக்கொண்டதுதான் அந்த வியாபாரத்தில் என் பங்கு.

பாலு படித்தான், வேலைக்குப் போனான், சேலத்திலேயே கல்யாணம் செய்துகொண்டான். அப்பா செத்த பிறகு திருச்செங்கோட்டு வீட்டை விற்றுத்தான் சேலத்தில் அவனுடைய அடுக்குமாடி வீட்டை வாங்கினார்கள். அம்மாவுக்கு அங்கே ஓர் அறை என்று பேச்சு. அந்த அறையில் இப்போது துணி காயப்போடும் ஸ்டாண்டும் நடக்கிற மெஷினும் இருக்கிறதாம். அம்மா என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு லைன் வீட்டில் இருக்கிறாள். என்னோடு வந்து இரு என்றால், மகள் வீட்டில் போய் உட்காருவதா என்பாள். பாலு கடைசியாக வந்தது போன பொங்கலுக்கு முந்தின பொங்கலுக்கு. போன் செய்தால் வேலைம்மா என்பான். பாவம், வேலை என்று இவள் எனக்குச் சொல்லுவாள்.

இந்த நிலைமையில்தான் எனக்கு ஒரு வெறி வந்தது. இவளை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போய், இரண்டு நாள் தங்கவைத்து, தட்டில் விழுந்ததைத் தட்டிலேயே, சூடு ஆறாமல், கடைசி வாய் வரைக்கும் இவளே தின்பதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். ஒரே ஒரு தட்டு போதும். காசி ராமேஸ்வரமெல்லாம் எனக்குக் கட்டுப்படியாகாது. சேலம் கட்டுப்படியாகும். தட்டுவடை செட்டும் குடல் கறியும் அங்கேதான் இருக்கின்றன.

என் வீட்டுக்காரரிடம் அம்மாவைச் சேலத்துக்கு இரண்டு நாள் கூட்டிப் போகிறேன் என்றேன். யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் சேலத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், வக்கீலைப் பார்க்கப் போவார்கள், சாப்பிட்டுவிட்டு வரப் போகிறேன் என்று யாரும் சொன்னதில்லை. அவருக்குப் புரியவைக்கவே ஒரு சாயங்காலம் ஆயிற்று.

அம்மாவிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். பார்சல் கூடாது. பந்தியில் உட்கார்ந்தால் தின்றுவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். அவள் உடனே சரி என்றாள். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சனி, ஞாயிறாகப் போகலாம் என்று மட்டும் சொன்னாள். எனக்கு லீவு நாள் பார்த்துச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ் ஆட்டையாம்பட்டியில் நின்றபோது முறுக்குக்காரர் ஏறினார். அந்த ஊர்க் கைமுறுக்கைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது கஷ்டம்தான். அம்மா ஒரு கட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஒன்றைப் பிரித்துத் தின்னச் சொன்னேன். அப்புறம் என்றாள். நிபந்தனையை ஞாபகப்படுத்தினேன்.

"இது எப்படிப் பார்சலாகும்? நானா கட்டுனேன்? அவனே கட்டித்தான குடுத்தான்."

வக்கீலைப் பார்க்கச் சேலத்துக்குப் போகிறவர்கள் எங்கள் அம்மாவைப் பார்த்தால் போதும், பஸ் காசு மிச்சம்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் லாட்ஜில் அறை எடுத்தோம். அவள் பையைக் கட்டிலில் வைத்தபோது சத்தம் வேறு மாதிரி இருந்தது. திறந்து பார்த்தேன். மாற்றுச் சேலை ஒன்று. மற்றதெல்லாம் ஒன்றுக்குள் ஒன்று போட்ட தூக்குப்போசிகளும் எவர்சில்வர் டப்பாக்களும். போருக்குப் போகிறவள் மாதிரி தயாராகத்தான் வந்திருந்தாள். புது ஊரில் தண்ணீர் எப்படி இருக்குமோ என்று கொண்டுவந்தேன் என்றாள். தண்ணீர் பிடிக்க இத்தனை டப்பாவா என்று கேட்டதற்கு, பையை இழுத்து மூடிவைத்தாள்.

மத்தியானம் டிபன் கடையில் நெய் ரோஸ்ட் சொன்னேன். சனிக்கிழமை, கவுச்சி ஆகாது என்றுவிட்டாள். ரோஸ்ட் கூம்பு மாதிரி நிமிர்ந்து வந்தது. அம்மா உடைந்து விழுந்த ஓரத்தை மட்டும் பொறுக்கித் தின்றாள். நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் கூம்பைக் காணவில்லை. தட்டு துடைத்த மாதிரி இருந்தது. அத்தனையும் நீயா தின்றாய் என்று சந்தோஷமாகக் கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டினாள். நெய் வாசம் மட்டும் அவள் மடியிலிருந்து வந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் அம்மாபேட்டைக்குக் கூட்டிப் போனேன். தட்டுவடை செட்டை எங்கேயும் தின்னலாம், ஆனால் அங்கே தின்பது வேறு. சின்னத் தட்டுவடை ஒன்றின் மேல் பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி, துருவின பீட்ரூட், கேரட், வெங்காயம், அதற்கு மேல் இன்னொரு தட்டுவடை. அப்படியே முழுசாக வாய்க்குள் போட வேண்டும். கடித்துத் தின்னலாம் என்று நினைத்தால் சட்னி சட்டைக்குப் போய்விடும். ஒரு நிமிஷம் தாமதித்தால் நமத்துவிடும். ஆகவே இதற்குப் பார்சலே கிடையாது. பார்சல் கட்ட முடியாத பண்டத்தை இவள் முன்னால் வைத்தால் என்ன செய்துவிடுவாள் என்பதுதான் என் திட்டம். தள்ளுவண்டிக்காரருக்கு ஐம்பது வயசிருக்கும், தொழிலில் கர்வம் உள்ளவர். அவர் செட்டை நீட்டினார், அம்மா வாங்கவில்லை. இதைக் கட்டிக் கொடுங்கள் என்றாள்.

"அக்கா, இது என் கையிலருந்து உங்க வாய்க்குப் போவணும். நடுவுல பஸ்ஸெல்லாம் ஏறாது."

"உங்கம்மாளுக்கு ஒரு செட்டுக் கொண்டுபோவணும்னா என்ன பண்ணுவீங்?"

"எங்கம்மா இங்கதான உக்காந்திருக்குது."

வண்டிக்குப் பின்னால் பார்த்தோம். ஒரு கிழவி சாக்கை விரித்து உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அம்மா அவளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கொடுத்துவைத்தவள் என்றாள். அதற்கப்புறம் பேரம் பேச ஆரம்பித்தாள். தட்டுவடை தனியாக ஒரு கவர், துருவல் தனியாக, பச்சைச் சட்னி ஒரு கவரில், சிவப்பு ஒரு கவரில், வெங்காயத்தை நறுக்காமல் முழுசாக. சேர்த்துவைப்பதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். கூட்டம் சேர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் அவர் ஒவ்வொன்றாக ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தார். பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிற முகத்தோடு கொடுத்தார்.

திரும்பி நடக்கும்போது நான் வாயைத் திறந்துவிட்டேன். இதெல்லாம் யாருக்கு, தெருவில் எல்லோருக்கும் கொடுக்கவா, இரண்டு நாளில் ஊசிப் போகாதா என்று கத்தினேன். அவள் அமைதியாகச் சொன்னாள்.

"நாளைக்கு ஞாயித்துக்கெழமதான சாமி."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சனி, ஞாயிறு என்று நாள் குறித்தது என் லீவுக்காக இல்லை. இந்தச் சேலம், இந்த லாட்ஜ், இந்தத் தட்டுவடை எதுவும் எங்களுக்காக இல்லை. வழக்கம்போல நான் பை தூக்க வந்திருக்கிறேன். நடுரோட்டில் நின்று சண்டை போட்டேன். வீட்டை விற்றதைச் சொன்னேன், துணி ஸ்டாண்டைச் சொன்னேன், இரண்டு பொங்கலைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்தச் சட்னி கெடாமல் இருக்க லாட்ஜில் ஐஸ்பெட்டி இருக்குமா என்று கேட்டாள். இருந்தது. ரிசப்ஷன்காரர் தண்ணீர் பாட்டில்களை ஒதுக்கி இடம் செய்து கொடுத்தார். எங்கள் அம்மாவிடம் மாட்டிக்கொண்டால் யாரும் தப்ப முடியாது.

மறுநாள் காலையிலேயே கிளம்பிப் போய்க் கொடுத்துத் தொலைத்துவிட்டு வரலாம் என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. மத்தியானத்துக்கு மேல்தான் போக வேண்டும் என்றாள். ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. மத்தியானம் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டோம். குடல் கறியும் மட்டன் வறுவலும் ஆவி பறக்க வந்தன. சப்ளையர் திரும்புவதற்குள் இரண்டையும் போசிக்குள் கவிழ்த்து மூடிவிட்டு, ரசம் சோற்றைப் பிசைந்தாள். பல்லுக்கு ஆகாதாம். தை மாசத்தில் கரும்பைக் கணுவோடு கடிக்கிற பல்.

அடுக்குமாடியின் கேட்டில் வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார். ஓமலூர்க்காரர், வயசானவர். அம்மா அவரிடம் போய்ப் பணிவாக நின்றாள்.

"ஏனுங், பாக்கற நேரம் ஆயிருச்சுங்களா?"

அவருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. பிள்ளைகள் இருக்கிற பெரிய கட்டடம், சுற்றுச் சுவர், கேட், காவலுக்கு ஆள். அம்மாவைப் பொறுத்தவரைக்கும் பாலு இன்னும் ஹாஸ்டலில்தான் இருக்கிறான். அவன் வீட்டுக்கு வராமல் இருந்ததற்குக்கூட அவள் இப்படித்தான் ஏதோ ஒரு சட்டத்தைக் காரணமாக வைத்திருந்தாள் போலிருக்கிறது. வாட்ச்மேன் நேரமெல்லாம் கிடையாதம்மா, யார் வேண்டும் என்று கேட்டு மேலே போன் போட்டார். பேசிவிட்டு, கீழேயே இருக்கச் சொல்கிறார், வருகிறாராம் என்றார்.

அம்மா என்னிடம் திரும்பி, இங்கேயும் உள்ளே விடமாட்டார்களாம் என்றாள். அந்த நேரத்தில் இனிப்புப் பெட்டியோடு ஒரு குடும்பம் காரிலிருந்து இறங்கி, வாட்ச்மேன் வைத்த சல்யூட்டை வாங்கிக்கொண்டு, நேராக லிப்டுக்குப் போனது. அம்மாவும் பார்த்தாள். அவர்கள் இங்கேயே குடியிருக்கிறவர்களாக இருக்கும் என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

காம்பவுண்டை ஒட்டி ஒரு புங்கமரம் நின்றது. அம்மா அதன் கீழே துண்டை விரித்தாள். போசிகளை வரிசையாக வைத்தாள். முறுக்கு, நெய் ரோஸ்ட் சுருள், குடல், வறுவல், கவர் கவராகத் தட்டுவடை செட். நாமக்கல்லில் எந்தெந்த இடத்தில் எதை வைப்பாளோ அந்தந்த இடத்தில் வைத்தாள்.

பாலு அரைக்கால் டவுசரோடு, கையில் போனோடு வந்தான். தலை முன்பக்கம் வழுக்கை, தொப்பை டவுசருக்கு வெளியே. ஒரு போன் செய்துவிட்டு வந்திருக்கக் கூடாதா, மேலே பெண்டாட்டி வீட்டு ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்றான். அம்மா பரவாயில்லை சாமி, இங்கேயே நல்ல நிழல் என்றாள். பால்கனிகளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு உட்கார்ந்தான். டாக்டர் எண்ணெய்ப் பண்டமே கூடாது என்றிருக்கிறார் என்று சொன்னான்.

அம்மா ஒரு தட்டுவடையை எடுத்தாள். சட்னியைத் தடவி, துருவலை வைத்து, கொண்டுவந்திருந்த கத்தியால் வெங்காயத்தைப் பொடியாக நறுக்கித் தூவி, மேலே மூடி நீட்டினாள். அவன் வாய்க்குள் போட்டான். மொறுமொறுவென்று சத்தம் வந்தது. பிரித்துக் கட்டினதால் நமத்துப் போகவே இல்லை. அதற்கப்புறம் டாக்டர் பேச்சு வரவில்லை. அவள் செய்யச் செய்ய அவன் போட்டுக்கொண்டே இருந்தான். குடலுக்கு வந்தான், வறுவலுக்கு வந்தான். தலையைக் குனிந்துகொண்டு தின்றான். அம்மா முந்தானையால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

நான் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன். நீ சாப்பிட்டாயா அம்மா என்று கேட்டால் போதும், அந்த வீட்டைக்கூட அவனே வைத்துக்கொள்ளட்டும். அவன் மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று கேட்டான். எந்த லாட்ஜ் என்று கேட்டான். மாங்காய் சீசன் ஆரம்பித்துவிட்டதா என்றுகூடக் கேட்டான். அந்த ஒரு வார்த்தை வரவில்லை. போன் அடித்தது. அம்மா பாட்டிலிலிருந்து தண்ணீர் ஊற்ற, கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான்.

"வாரேம்மா. அடுத்த வாட்டி கொடலு மட்டும் கொண்டா. கறி இன்னுங் கொஞ்சம் வெந்திருக்கலாம்."

லிப்டுக் கதவு மூடுகிற வரைக்கும் அம்மா நின்று பார்த்தாள். பிறகு திரும்பி, பாவம் எளைத்துவிட்டான் என்றாள். அந்தத் தொப்பையைப் பார்த்துவிட்டு எளைத்துவிட்டான் என்று சொல்ல ஒரு பெற்ற தாயால்தான் முடியும்.

நீ சாப்பிட்டாயா என்று உன்னை அவன் கேட்டானா என்று அவளைக் கேட்டேன். என் குரல் கொஞ்சம் பெரிதாக இருந்திருக்க வேண்டும், வாட்ச்மேன் வேறு பக்கம் பார்த்தார். சோறு கொண்டுவருகிறவள் சாப்பிடாமலா வந்திருப்பாள் என்று நினைத்திருப்பான் என்றாள் அம்மா. காலிப் போசிகளை வாட்ச்மேன் குழாயில் கழுவி, ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, துண்டை உதறி மடித்தாள். மடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எனக்குப் பசிக்குது சாமி."

எனக்கு விவரம் தெரிந்த நாளாக இந்த வாக்கியத்தை அவள் வாயிலிருந்து கேட்டதில்லை. சட்டென்று ஒரு ஆட்டோவைப் பிடித்தேன். அம்மாபேட்டைக்குப் போகச் சொன்னதும் அவள்தான்.

தள்ளுவண்டிக்காரர் அப்போதுதான் கடை போட்டிருந்தார். அம்மாவைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. இன்றைக்கும் தனித்தனியாகவா என்று கேட்டுக்கொண்டே ரப்பர் பேண்டு டப்பாவைத் தேடினார்.

"வேண்டாங். இங்கியே. கையில குடுங்க."

கொடுத்தார். வாங்கினாள். வாய்க்குள் போட்டாள். அவள் கன்னம் உப்பியது, கண் மூடியது, சிவப்புச் சட்னி கடைவாயில் வழிந்தது. விழுங்கிவிட்டுக் கையை நீட்டினாள். அவர் அடுத்ததைக் கொடுத்தார். அதுவும் போயிற்று. வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, பேச்சில்லாமல், யாருக்கும் எடுத்துவைக்காமல், ஒரு தட்டுச் செட் முழுவதையும் தின்று தீர்த்தாள். இதைப் பார்க்கத்தான் நான் இத்தனை தூரம் வந்தேன். பார்த்துவிட்டேன். ஆனால் சந்தோஷம் வரவில்லை. மகன் தின்று முடித்த பிறகுதான் இவள் தொண்டைக்குக் கதவு திறக்கிறது என்று தெரிந்தபோது, அந்தத் தட்டு எனக்கு வேப்பங்காயாகக் கசந்தது. எத்தனையோ வருஷமாக உள்ளே கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"எனக்குன்னு ஒரு நாளாச்சும் ஒரு பார்சல் கட்டியிருக்கியாம்மா நீ?"

வாயைத் துடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். நான் ஏதோ கேட்கக்கூடாத அசட்டுக் கேள்வி கேட்டுவிட்ட மாதிரி என்னைப் பார்த்தாள்.

"உனக்கெதுக்குப் பார்சல்? நீ பக்கத்துலயே நின்னுட்டிருந்தியே. கொழம்பு கொதிக்கறப்ப மொதத் துண்டு உங்கையிலதான வெச்சேன், உப்புப் பாருன்னு. அந்தப் பையனுக்கு என்னைக்குமே ஆறுனதுதான் கெடைச்சுது."

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு அடுத்த செட்டுக்குக் கையை நீட்டினாள்.

எனக்கு ஞாபகம் வந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் என்னை நிற்கவைத்து, கரண்டியில் ஒரு துண்டை எடுத்து, வாயால் ஊதி ஊதி என் உள்ளங்கையில் வைப்பாள். கை சுடும், நான் குதிப்பேன். உப்பு போதுமா, காரம் போதுமா, வெந்துவிட்டதா என்று கேட்பாள். நான் தலையாட்டும்வரை குழம்பை இறக்கமாட்டாள். அதை எனக்கு வைத்த வேலை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் முதல் வாய் எப்போதும் என்னுடையதாக இருந்தது என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை.

இதனால் பாலுவை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். வீட்டை மறக்கவில்லை, துணி ஸ்டாண்டை மறக்கவில்லை, புங்கமரத்தடியைச் சாகிறவரை மறக்கப்போவதில்லை. அம்மாமேல் கோபமும் அப்படியே இருக்கிறது. அடுத்த மாசம் குடல் கறிக்குச் சேலம் போக வேண்டும் என்று இப்போதே நாள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைதான்.

அன்றைக்கு அந்தத் தள்ளுவண்டிக்காரர் நீட்டிய செட்டை அவள் தன் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நமத்துப் போறதுக்குள்ள வாயைத் திற என்றாள். நாலு பேர் பார்க்க, நாற்பத்தஞ்சு வயசுப் பொம்பளை, நடுத்தெருவில் வாயைத் திறந்தேன். நான் மென்று விழுங்கும்வரை அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உப்புச் சரியாக இருக்கிறதம்மா என்றேன்.